அங்கோர் வாட் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 17, 18 (சனி, ஞாயிறு) இரண்டு நாளும் கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்கிறோம். அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்க, சனி அதிகாலை 4.30க்கு விடுதி வாசலிலிருந்து வேன் கிளம்பும்.

1. நுழைவுச்சீட்டை வெள்ளி மாலையே வாங்கிவிடுவோம். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. நமக்கு இரண்டாவதுதான் லாபம். சீட்டில் அவரவர் படம் இருக்கும், மாற்றித் தர முடியாது.

2. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். சால்வை போர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அங்கோர் வாட் மேல்தளத்துக்கு விட மாட்டார்கள்.

3. மேல்தளப் படிகள் ரொம்பச் செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். கீழே கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது, ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். வாசுகியை இழுக்கும் அசுரர்கள், தேவர்கள், நடுவில் விஷ்ணு. மத்துக்கு அருகே மீன்கள் துண்டாகிச் சிதறியிருப்பதைத் தவறவிடாதீர்கள். இதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் தரலாம் என்பது என் கருத்து.

4. ஞாயிறு: பாயோன், தா ப்ரோம் கோயில்கள்.

வருபவர்கள் டிசம்பர் 10க்குள் “வருகிறேன்” என்று இங்கே பதிலிடுங்கள். அப்புறம், பாஸ்போர்ட் விவரத்தைக் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.