எந்த இடத்தில் வெடித்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பிரபஞ்சத் தோற்றம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாகவே இருந்தது. கூடவே போட்டிருந்த படம்தான் உறுத்துகிறது. கரிய வெளியின் நடுவே ஆரஞ்சு நிறத் தீப்பந்து ஒன்று வெடித்துச் சிதறுகிறது. அந்தக் கரிய வெளி எங்கிருந்து வந்ததாம்?

முப்பது ஆண்டுகள் இயற்பியல் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் 'பெருவெடிப்பு' என்று எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "எந்த இடத்தில் சார் வெடித்தது?" பையனைக் குறை சொல்ல முடியாது. 1949இல் பிபிசி வானொலியில் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் உதிர்த்த 'பிக் பேங்' என்ற சொல் அது. அவரோ அந்தக் கொள்கையைக் கடைசிவரை ஏற்காதவர்! நாமும் அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்டோம். உண்மையில் ஓரிடத்தில் எதுவும் வெடிக்கவில்லை; விரிந்தது விண்வெளிதான், அதுவும் எல்லா இடத்திலும். "நீ உட்கார்ந்திருக்கிற பெஞ்சிலும்தான்" என்பேன்.

பிரபஞ்சம் பிறந்த கையோடு நொடியினும் சிறு பொழுதில் அசுரத்தனமாக உப்பியது என்னும் வீக்கக் கொள்கையை நான்கே வரியில் கட்டுரையாளர் தாண்டிப் போனதில் எனக்கு வருத்தம். அது ஏன் தேவைப்பட்டது என்பதில்தானே சுவை இருக்கிறது? 1964இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு வானொலி வானியலாளர்கள் தங்கள் ஆன்டெனாவில் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கண்டார்கள். புறா எச்சத்தைக்கூடச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள்; இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 ஆண்டு வயதானபோது கிளம்பிய ஒளியின் மிச்சம் அது. இன்று அதன் வெப்பநிலை 2.7 கெல்வின். எந்தத் திசையில் அளந்தாலும் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான் ஏறி இறங்குகிறது. ஆனால் பழைய கணக்குப்படி, வானத்தில் நான்கைந்து முழுநிலவு அகலம் தள்ளியுள்ள இரு புள்ளிகளுக்கிடையே ஒளி போய்ச்சேரக்கூட அன்று நேரம் இருந்திருக்காது. தேர்வறையின் இரு மூலைகளில் இருக்கும் இருவர் தசமப் புள்ளி பிசகாமல் ஒரே விடையை எழுதினால் என்ன நினைப்போம்? முன்பு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்றுதானே!

இயற்பியலாளர் ஆலன் கூத் 1979 டிசம்பரில் கண்ட வழியும் அதுதான். நெருங்கியிருந்து ஒரே சூட்டுக்கு வந்துவிட்ட துளியளவு இடம், கண்ணிமைக்கும் நேரம் என்றுகூடச் சொல்ல முடியாத சிறுபொழுதில் அசுரத்தனமாக உப்பிவிட்டது. அவருடைய முதல் வடிவத்தில் அந்த வீக்கம் ஒழுங்காக முடிவுக்கு வரவில்லை. 1982இல் லிண்டே என்ற இயற்பியலாளரும், அவருக்குத் தனியே ஆல்பிரெக்ட், ஸ்டைன்ஹார்ட் இருவரும் அதைச் சீர்செய்தார்கள். அதே ஸ்டைன்ஹார்ட் பின்னாளில் இக்கொள்கையின் கடும் விமர்சகராக மாறியது தனிக்கதை.

ஆகவே, கட்டுரையில் வீக்கக் கொள்கை 'நிரூபணமாகிவிட்டது' என்று வந்த வரியைத் திருத்திவிடுங்கள். 2014 மார்ச்சில் தென்துருவத்து பைசெப்2 தொலைநோக்கிக் குழு, வீக்கம் எழுப்பிய ஈர்ப்பலைகளின் (வெளியிலேயே பரவும் அதிர்வுகளின்) தடயம் கிடைத்ததாக அறிவித்தது. நானும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த ஆண்டே, அதே மிச்ச ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சமிக்ஞையில் பெரும்பங்கு நம் பால்வீதியின் தூசியால் வந்தது என்று தெரிந்தது. அந்தத் தடயத்தை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி இந்தப் பொருளில் கட்டுரை போட்டால் தீப்பந்தை விட்டுவிடுங்கள். அந்த மிச்ச ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும், பிளாங்க் வரைந்த நீலமும் சிவப்புமான நீள்வட்டப் புள்ளிப்படத்தைப் போடுங்கள். அரைப்பக்கம் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்