இறக்கைப் போல்ட்டில் கை வைக்குமுன்: பயிற்சி விமானப் பணிமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சி விமானங்களின் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, வணக்கம்.

2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டேடோனா பீச்சில், ஒரு பைப்பர் ஏரோ பயிற்சி விமானம் மேலேறும்போதே இடது இறக்கை முறிந்து தனியே போனது. அதில் இருந்த இருவரும் இறந்தனர். 2007-இல் செய்த விமானம். பறந்தது ஏறக்குறைய 7,690 மணி நேரம். முறிந்தது ஸ்பாரின் (இறக்கையின் உள்ளே நீளவாக்கில் ஓடிப் பாரம் தாங்கும் முதன்மைச் சட்டத்தின்) கீழ்ப்பட்டை. போல்ட் துளையின் விளிம்பில் தொடங்கிய உலோகச் சோர்வு (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வளரும் விரிசல்), பட்டையின் குறுக்குவெட்டில் 80 விழுக்காட்டுக்கு மேல் தின்றிருந்தது.

பறக்கையில் கீழ்ப்பட்டை இழுவிசையில் இருக்கிறது. வெறும் துளையின் ஓரத்திலேயே தகைவு (ஒரு பரப்பளவில் உலோகம் தாங்கும் விசை) சுமார் 3 மடங்காகும். தாழ்வாகப் பறந்து திரும்பத் திரும்பத் தரையிறங்கும் பயிற்சியில் அந்தச் சுமை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். விரிசல் துளைக்குள் இருப்பதால் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது. எடி கரண்ட் சோதனைதான் (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டறிவதுதான்) வழி.

மொத்த மணி நேரத்தை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள். அந்த விபத்துக்குப்பின் அமெரிக்க விமானத் துறை இட்ட உத்தரவில், பயிற்சி, வாடகை விமானங்களுக்குரிய ஒவ்வொரு 100 மணி நேர ஆய்வும் கடும் உழைப்பின் அடையாளமாக முழு 100 மணியாக எண்ணப்படுகிறது. மீதி நேரம் 17-ஆல் வகுக்கப்படுகிறது. 8,300 மணி பறந்து 49 ஆய்வு கண்ட விமானத்துக்கு 4,900-உடன் 200 சேர்ந்து 5,100. எடி கரண்ட் சோதனைக்கான வரம்பு 5,000. பழைய ஆய்வுப் பதிவுகள் தொலைந்தால் இந்தக் கணக்கே போடமுடியாது.

இனி, நாங்கள் அதிகம் அஞ்சும் இடம்: கழற்றும் வேலை. முதலில் இறக்கையின் பாரத்தைத் தாங்குமுட்டில் ஏற்றுங்கள். நைலான் சுத்தியலின் மெல்லிய தட்டுக்கு போல்ட் அசையாவிட்டால், பாரம் பெரும்பாலும் இன்னும் அதன் மேல்தான். தாங்குமுட்டைச் சரிசெய்யுங்கள், ஓங்கி அடிக்காதீர்கள். போல்ட்டின் மரை (திருகுப் புரி) உரசினால் துளையின் நீளவாக்கில் கீறல் விழும். விரிசல் வளர விரும்பும் திசையும் அதுவே. எமரித் தாள் போட்டு அதைத் தேய்த்து மறைப்பது இன்னும் மோசம். 1968 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்ட் அருகே ஒரு வைகவுண்ட் விமானம் இறக்கை முறிந்து விழுந்து 26 பேர் மாண்டதற்கும், ஸ்பார் துளையில் தவறாகப் பொருத்தப்பட்ட ஒரு புஷ்தான் (துளைக்குள் செருகும் உலோகக் குழல்தான்) காரணம்.

மாட்டும்போது போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகுங்கள். பூட்டு நட்டு (தானாகக் கழன்றுவிடாத நட்டு) சும்மா சுற்றவே கேட்கும் டார்க்கை (முறுக்குவிசையை) அளந்து, கையேட்டு அளவுடன் கூட்டுங்கள். கையேடு சொல்லாமல் மரையில் எண்ணெய் பூசாதீர்கள். அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

அடுத்த ஆய்விலிருந்து துளை வாரியாக எடி கரண்ட் முடிவு, கண்ட கீறல், கொடுத்த டார்க் மூன்றையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘பார்த்தேன், சரி’ என்ற வரியை ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்