சின்ன எண்ணைக் கீழே இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் 38 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எஸ்எஸ்எல்சியோடு படிப்பு நின்றுபோனது. வேதியியல் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்திக்காகத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தைக் கத்தரித்து வைப்பது என் வேலை. போன வாரத்து அறிவியல் மாதிரி வினா விடையில் சமையல் கேஸில் உள்ள பியூட்டேன் எரியும் சமன்பாடு வந்திருந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய எண்ணும், எழுத்தின் காலடியில் பொடியாகத் தொங்க வேண்டிய எண்ணும் ஒரே அளவில், ஒரே உயரத்தில். 2 சி 4 எச் 10 என்று ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நின்றன. "தாத்தா, இதில் எது மூட்டை, எது சரக்கு?" என்றாள் பேத்தி.

மூட்டை, சரக்கு என்பது எங்கள் வீட்டுப் பாஷை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டைப் போன மாதம் வகுப்பில் கொடுத்திருந்தார்கள். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. இவள் யோசிக்காமல் வலப்பக்க ஆக்சிஜனின் கீழே ஒரு குட்டி 2 போட்டுவிட்டாள். எண்ணிக்கை என்னவோ சரியாகிவிட்டது. ஆனால் எச் டூ ஓ இருந்த இடத்தில் எச் டூ ஓ டூ. தண்ணீர் போய், புண் கழுவுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு வந்துவிட்டது! டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார். அன்று ராத்திரி பாடப்புத்தகத்தை நானும் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன்: இருப்பு இடிக்கிறதே என்று சம்பா வத்தலைக் குண்டு வத்தல் என்று ஏட்டில் திருத்தக் கூடாது. மூட்டை எண்ணிக்கையில்தான் கை வைக்கலாம். கீழே உள்ள எண் சரக்கு, முன்னால் உள்ள எண் மூட்டை. அப்புறம் அவள் தப்பு செய்யவில்லை.

தாங்கள் அச்சிட்டது புரியாததால் பியூட்டேனை முதலிலிருந்து போட்டுப் பார்த்தோம். ஒரு மூலக்கூறில் கார்பன் நான்கு, ஹைட்ரஜன் பத்து. அதனால் கார்பன் டைஆக்சைடு நான்கு, தண்ணீர் ஐந்து. ஆக்சிஜனைக் கடைசிக்கு விட்டோம். தனியாக நிற்பதால் அதை எத்தனை கூட்டினாலும் மற்றவை கலையாது. எண்ணினால் 13 அணு. ஆக்சிஜன் ஜோடியாகத்தான் வரும் என்பதால் ஆறரை மூலக்கூறு. "அரை மூலக்கூறா?" என்று முழித்தாள். சரி, எல்லாவற்றையும் இரட்டி என்றேன். பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டைஆக்சைடு 8, தண்ணீர் 10.

எனக்கு அதோடு மனசு ஆறவில்லை, பாடப்புத்தகத்து அணு எடைகளைக் கிராமாக வைத்து எடை போடச் சொன்னேன். பியூட்டேன் 116 கிராம், ஆக்சிஜன் 416 கிராம். அந்தப் பக்கம் கார்பன் டைஆக்சைடு 352, தண்ணீர் 180. இரண்டு பக்கமும் 532! மார்ச் கடைசியில் ஐந்தொகை முதல் தடவையிலேயே டேலி ஆனால் வருமே, அந்தச் சந்தோஷம். அந்தத் தண்ணீர்தான் குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அடியில் முத்து முத்தாக வியர்க்கிறது என்று பேத்தி காட்டினாள். இந்தக் கணக்குப்படி 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது ஏறக்குறைய 43 கிலோ கரியமில வாயு வெளியே போயிருக்கும். கேஸ் தீர்ந்துபோச்சு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொருண்மை அழியாது என்று சொன்ன விஞ்ஞானி லவாய்சியர், பிரெஞ்சு அரசனுக்கு வரி வசூலித்த நிறுவனத்தில் பங்குதாரராம். நம்ம கணக்கு ஜாதிதான். அந்த வரி வசூலுக்காகவே 1794-ல் தலையை வாங்கிவிட்டார்கள், பாவம்.

சிறிய எண்ணை அச்சில் கீழே இறக்க முடியாவிட்டால் "பியூட்டேன் 2 மூலக்கூறு" என்று தமிழில் எழுத்தாகவே போட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தின் அளவையும் கவனியுங்கள். சி, ஓ இரண்டும் பெரிய எழுத்தானால் கார்பன் மோனாக்சைடு. ஓ மட்டும் சிறியதானால் கோபால்ட் என்ற உலோகம். இப்போதைக்குக் கத்தரித்த துண்டில் பென்சிலால் நானே திருத்தி வைத்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குள் தங்கள் திருத்தம் வந்தால் அதன்மேல் ஒட்டிவிடுவேன்.

ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை,
விருதுநகர்