இருமச் சொல்லிவிட்டு வலியைக் கேளுங்கள்

மயக்கவியல் ஆய்வாளர்களுக்கும், ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் பல வருடங்களாக இரவு டியூட்டி பார்க்கும் செவிலியர் நான். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?" என்று கேட்டுக் குறிப்பது என் வேலை. உங்கள் கட்டுரைகளில் வரும் வலி எண்களில் பல, என்னைப் போன்றவர்கள் கட்டிலருகே நின்று எழுதியவை. அந்த உரிமையில் இதைச் சொல்கிறேன்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவர் அசையாமல் படுத்திருந்தார். கேட்டேன், "ரெண்டு" என்றார். சரி, ஒருமுறை இருமுங்கள் என்றேன். ஒரு கை தையல்மேல் போய் அழுத்தியது, மறு கை கட்டில் கம்பியைப் பற்றியது. மூச்சு பாதியிலேயே நின்றது, இருமல் வரவில்லை. "இப்போது எவ்வளவு?" "எட்டு." படிவத்தில் இருந்ததோ ஒரே ஒரு கட்டம்.

அந்த எட்டுதான் முக்கியம். வலிக்குப் பயந்து இருமாதவருக்குச் சளி நெஞ்சிலேயே தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். எழுந்து நடக்காதவருக்குக் காலில் ரத்தம் உறையலாம். படுத்திருக்கும்போது கேட்ட எண்ணை மட்டும் வைத்து ஒரு வலிநிவாரண முறை நல்லது என்று நீங்கள் முடிவு சொன்னால், அதை நம்பி மருந்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், நரம்பு பிளாக்: நரம்பின் அருகே ஊசி போட்டு, அறுவை செய்யும் பகுதியை மரத்துப்போக வைப்பது. ஒரே ஊசியாகப் போடும் பிளாக், மருந்தைப் பொறுத்து, பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. காலை பத்து மணிக்குப் போட்டது என்றால் விடியற்காலை இரண்டு மணிவாக்கில் கை கால் உணர்வு திரும்பும். கூடவே வலி ஒரேயடியாக ஏறும். மாலையில் சிரித்துப் பேசியவர் அந்த நேரத்தில் அழுவதைப் பார்த்திருக்கிறேன். 6 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று என்று குறிக்கும் ஆய்வில் இந்த அழுகை எங்கே பதிவாகும்? பிளாக் எப்போது விட்டது, அப்போது வலி எவ்வளவு என்றும் கேளுங்கள்.

வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் சில மில்லிகிராம் குறைந்தது என்பதை வெற்றியாக எழுதுகிறீர்கள். நோயாளி தன் வலியைக் குறித்துக் காட்டும் 100 மில்லிமீட்டர் கோட்டில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரிகிறது. அவருக்குத் தெரிந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எண் சொல்ல முடியாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிநிவாரணம் தராமலே இதய ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்த காலம் இருந்தது. 1987-ல் மருத்துவர் ஆனந்தும் சகாக்களும் அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைச் சேர்த்துக் கொடுத்து, உடல் வேதனைப்படும்போது ரத்தத்தில் ஏறும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களை அளந்தார்கள். மருந்து கிடைக்காத குழந்தைகளுக்கு ஹார்மோனும் ஏறியது, சிக்கல்களும் கூடின. வாய்விட்டுச் சொல்ல முடியாத வலியையும் அளக்க அவர்கள் வழி கண்டார்கள். மறதி நோயுள்ள முதியவர்களை மட்டும் இன்றும் பல ஆய்வுகள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

அடுத்த படிவத்தில் இரண்டு கட்டங்கள் போடுங்கள்: படுத்திருக்கும்போது, இருமும்போது. இரவு இரண்டு மணிக்கும் நாங்கள் நிரப்பித் தருகிறோம்.