கல் சொன்ன ஊருக்கு ஒரு பயணம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. படியேறுவதற்கு மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்த சேலை இன்னும் மடிப்புக் கலையாமல் அலுமாரியில் இருக்கிறது.

ரொறன்ரோவில் ஏரிக்கரையில் நின்று, இதுதான் கடல் என்று மனதைத் தேற்றிக்கொள்வதாக எழுதியிருந்தாய். அதனால்தான் இதை உனக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் தென்கோடியில் உள்ள தேவேந்திரமுனைக்குப் போய் வந்தோம். நூதனசாலையில் நீயும் நானும் மணிக்கணக்காக நின்று எழுத்துக்கூட்டிய அந்தக் காலிக் கல்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கல் சொன்ன ஊர்தான்.

அதிவேக வீதியால் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று மகள் சொன்னாள். நான் பழைய காலி வீதியைத்தான் பிடித்தேன். மாத்தறை வரைக்கும் சுமார் 160 கிலோமீற்றர். மொறட்டுவை தாண்டும்வரை நெரிசல்தான், அதைச் சொல்லி என்ன. களுத்துறைப் பாலத்தடியில் எங்களுக்கு முன்னால் போன பஸ் ஒரு நிமிடம் நின்றது. கொண்டக்டர் குதித்து இறங்கி, போதி மரத்தடி உண்டியலில் சில்லறையைப் போட்டு, கும்பிட்டுவிட்டு ஓடிவந்து ஏறினார். நாமும் இறங்கிப் போட்டோம். அப்புறம் பெந்தோட்டை ஆற்றைக் கடந்தால் தென் மாகாணம். வீதி, அதன் பக்கத்தில் தண்டவாளம், தாழை, கடல். பல இடங்களில் அலை உடையும் சத்தம் காருக்குள்ளேயே கேட்கும்.

ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னால், பெரெலியவில் காரை நிறுத்தினேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். பௌர்ணமிப் போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட ரயில் அங்கே நின்றபோது, முதல் அலைக்குத் தப்பிய ஊர்ச்சனம் இரும்புப் பெட்டி காப்பாற்றும் என்று நம்பி அதற்குள் ஏறியது, கூரையிலும் ஏறியது. அடுத்த அலை ரயிலையே புரட்டிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரயிலை இழுத்த எஞ்சினின் பெயர் மனிடோபா. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்தது, அதனால்தான் ஒரு கனடா மாகாணத்தின் பெயர். பிறகு திருத்தி மறுபடியும் ஓடவிட்டார்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே உள்ள தூரத்தை நடந்தே பார்த்தேன். அந்தக் கூரையில் இருந்தவர்கள் அலை வருவதைக் கண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு காலி வரைக்கும் காரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காலிக் கோட்டை நீ பார்த்ததுதான். ஆனால் நம் கல் 1911இல் அகப்பட்டது அந்தக் காலி ஊரில்தான். எழுத்துப் பக்கம் கீழே இருக்க, ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். 1409ஆம் ஆண்டுக் கல்! சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீன எழுத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை. தெனாவரை என்பது தேவேந்திரமுனைதான். பொன், வெள்ளி, பட்டு, சந்தனம், எண்ணெய் என்று பட்டியல் நீளும். இந்தக் கரையில் வியாபாரம் பேசத் தமிழ் வேண்டும் என்று சீனத்திலிருந்து வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

மாத்தறையில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட்டுவிட்டுப் போனோம். தேவேந்திரமுனை அங்கிருந்து கிட்டத்தான். 1344இல் உலகம் சுற்றிய பயணி இபன் பதூதா வந்தபோது, ஆயிரம் பிராமணரும் யோகிகளும் இருந்த பெருங்கோவில் என்று எழுதிவைத்தார். 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்துத் தள்ளினார்கள். நம்மவர் தொண்டீச்சரம், சிவன் கோவில் என்பார்கள். சிங்களவருக்கு அது உபுல்வன், விஷ்ணு. கல்லில் உள்ள நாயனாரும் விஷ்ணுதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. எனக்கு அந்த வழக்கில் அக்கறை போய்விட்டது மச்சான். இப்போது நிற்பது நீல நிற விஷ்ணு தேவாலயம். பழைய கருங்கல் தூண்கள் சில இன்னும் நிற்கின்றன. ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது, ஆனால் நிழல்பட்ட பக்கம் பானையைத் தொட்டாற்போலக் குளிர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா பழத்தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி நின்றார். என் மனைவி விளக்கேற்றத் தீப்பெட்டி தேடியபோது, அவரே தன் விளக்கைச் சாய்த்து எங்கள் திரியைப் பற்றவைத்தார். தேங்காய் எண்ணெய் வாசனை. அந்தப் பட்டியலில் எண்ணெயும் இருந்ததே என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

வெளிச்சவீட்டடியில் இருட்டும்வரை இருந்தோம். அதற்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரைக்கும் கரையே இல்லை.

ஒரு காரியம் செய். அன்றைக்கு நாம் அந்தத் தமிழ் வரிகளைப் பார்த்து எழுதிய கொப்பி, நீ புறப்பட்டபோது உன் சூட்கேசில்தான் போனது. தேடிப்பார். அகப்பட்டால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு. நூதனசாலைக்குக் கொண்டுபோய், எத்தனை எழுத்தைச் சரியாக வாசித்திருந்தோம் என்று கல்லோடு ஒத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்