ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்தாருக்கு, முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய புதுவைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும் நூலகத்தாருக்கும் வணக்கம்.

என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சைகோனிலிருந்து ஊர் திரும்பியபோது ஒரு தகரப் பெட்டி கொண்டு வந்தார். படையில் கொடுத்த அவருடைய பதிவுப் புத்தகம், கப்பலில் எடுத்த ஒரு படம், அங்கிருந்து ஆயாவுக்கு, என் பாட்டிக்கு, எழுதிய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பறந்து, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. வெயில் வந்ததும் முற்றத்தில் பாய் விரித்துத் தாள்களைக் காயப்போட்டோம். ஒட்டிக்கொண்டவற்றை ஈரத்தோடு பிரிக்கப்போய்க் கிழித்தோம். மிஞ்சியதில் பாதி முறுகிப்போனது, மை வெளுத்துவிட்டது. நனைந்த தாளை நிழலில், காற்றோட்டத்தில், நடுநடுவே உறிஞ்சுதாள் வைத்து மெல்ல உலர்த்த வேண்டும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இதை எங்களுக்குச் சொல்லக்கூடிய ஆட்கள் நூலகங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்கலாம் என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் நூலகத்தில் நடக்கும் கலை, வரலாற்று, பண்பாட்டுக் கண்காட்சிகளைப் பற்றி ஒன்று கேட்கத்தான் இந்த மடல். இந்த ஊர்க்காரர்களின் வீட்டுத் தாள்களுக்கும் அங்கே ஒரு மேசை போடுங்கள்.

உங்கள் நூலகம் தாங்கியிருக்கும் பெயரை வைத்துத்தான் கேட்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். பகலெல்லாம் பிரெஞ்சுக்காரர்களோடு இருந்தாலும் 1736 செப்டம்பர் 6 அன்று அவர் தொடங்கிய நாட்குறிப்பு தமிழில்தான் இருக்கிறது. காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது, போனது, பீரங்கி போட்டது என்று ஊர் நடப்பெல்லாம் அதில் உண்டு. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்பு அவர் இறந்தார். அந்தக் குறிப்பேடுகள் அவருடைய வாரிசுகளின் வீட்டில் இருப்பதை 1846-ல்தான் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டுபிடித்தார். 85 வருடம்! அத்தனை காலமும் யாரும் அவற்றைப் பழைய பேப்பர் என்று தூக்கிப் போடவில்லை. அதனால்தான் பின்னால் சென்னையில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி எழுதுகிற யாரும் இன்றைக்கும் அதைத் தொடாமல் எழுத முடியாது. ஒரு வீட்டில் கிடந்த எழுத்துதான் அது.

பெரிய சுவடிகளுக்கு நம் ஊரில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் கூட்டாளி நிறுவனங்களிலும் உள்ள சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. அது நமக்குப் பெருமை. ஆனால் குடும்பங்களிடம் இருப்பது வேறு மாதிரியான செல்வம். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரிந்தவர்கள் உண்டு. அந்த 6 மாதம் வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அரசாங்கக் கோப்பில் இருக்காது. யாரோ ஒரு சித்தப்பா எழுதிய கடிதத்தில் இருக்கலாம். இதை மட்டும் வைத்தே ஒரு கண்காட்சி நடத்தலாம்.

ஒருமுறை வேறொரு இடத்தில் நடந்த கண்காட்சிக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக்குள் இருந்தது ஒரு பழைய தமிழ்ப் பத்திரம். அதன் பக்கத்தில் இருந்த குறிப்பு ஆங்கிலத்தில். அம்மா பத்திரத்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தார், வெளிச்சம் போதவில்லை. பழங்காகிதத்துக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பது எனக்குப் புரிகிறது. சரி, பக்கத்தில் ஒரு நகலைப் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கலாமே? அம்மா ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். அவருடைய அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால் குறிப்புகள் முதலில் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

நூலகத்தில் கண்காட்சி வைப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அருங்காட்சியகத்தில், நம் ஊருக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் பானை ஓட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நூலகத்திலோ, 1945-ல் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலரின் அறிக்கையைப் பக்கத்து மேசையில் விரித்து உட்கார்ந்து படிக்கலாம். பார்த்ததும் வருகிற கேள்விக்கு அங்கேயே புத்தகம் கிடைக்கும். இந்தச் சுகம் காலாப்பட்டில், உங்கள் பல்கலைக்கழகத்தில், படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்க வேண்டாம். கண்காட்சி நாட்களில் அடையாள அட்டை இல்லாதவர்களையும் உள்ளே விடுங்கள். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இருக்கட்டும், வேலைக்குப் போகிறவர்கள் வேறு என்றைக்கு வருவார்கள்?

அப்புறம், தாள்களைக் கொண்டு வருகிறவர்களிடம் அசலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். கொடுத்தால் திரும்ப வருமோ வராதோ என்கிற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து, அசலை உடனே கையில் கொடுத்துவிடுங்கள். எதை எப்படி வைத்துக் காப்பது என்று நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எந்தப் பெயரை, எந்தக் குடும்ப விஷயத்தை வெளியே காட்டலாம் என்பதை அந்தந்த வீட்டாரே சொல்லட்டும்.

எங்கள் பெட்டியில் மிஞ்சியிருப்பது 17 தாள்கள். கப்பல் படமும் இருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் போய்விட்டது. தேதி சொல்லுங்கள், முதல் ஆளாக நானே கொண்டு வருகிறேன். அம்மாவும் வருவார்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாசகி ஒருத்தி