உறையில் இடம் கிடைக்காதவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

இரண்டு ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போன எங்கள் ஆம்பியன்ட் (பின்னணியில் மெல்ல ஒலித்துச் சூழலோடு கலக்கும்) இசைத்தொகுப்பு ஒருவழியாக வெளிவந்துவிட்டது. உறையின் பின்பக்கத்தில் நான்கு பெயர்களுக்குத்தான் இடம் இருந்தது; கைகொடுத்தவர்களோ இருபது பேருக்குக் குறையாது. பெயரைப் போட்டால் பேசவே மாட்டோம் என்று சிலர் மிரட்டியிருப்பதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதல் வணக்கம் புல்லாங்குழல் கலைஞருக்கு. மின்னணு இசைக்கருவியான சின்தசைசரின் சுருதியை 440 ஹெர்ட்ஸில் நிறுத்தி அடித்தளத்தை முன்பே பதிந்து வைத்திருந்தேன். அதன்மேல் அவர் வாசித்தால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு. ஏசியின் இரைச்சல் மைக்கில் விழுந்ததால் அதை அணைத்தோம். அறை சூடேறச் சூடேற, குழலின் சுருதியும் ஏறியது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், அதனால் குழலின் சுருதி கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான், உறைத்தது அன்றைக்குத்தான். ஒரு மணி நேரத்தில் 12 சென்ட் விலகல், அதாவது அரைச்சுர இடைவெளியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மென்பொருளில் குழலின் சுருதியை இறக்கிவிடலாம் என்றேன். அவர் குழலை மடியில் வைத்துவிட்டு, "மூச்சு விடுகிறவளைப் பிடித்து இழுக்காதீர்கள். மூச்சு விடாததை நகர்த்துங்கள்" என்றார். சின்தசைசரை 443-க்குக் கொண்டுபோனேன். அதன்பிறகு ஒவ்வொரு பதிவிலும் இயந்திரம்தான் மனிதருக்கு இறங்கி வந்தது. ஏறிப்போனது என்பதுதான் சரி.

செல்லோக் கலைஞர் ஒரே சுரத்தை நாற்பது நிமிடம் முகம் சுளிக்காமல் இழுத்துத் தந்தார். வில் திசை மாறும் இடங்களில் ஒரு சின்ன உரசல் கேட்கும். அதையெல்லாம் நீக்கச் சொல்லிவிட்டு வந்தேன்; ஒலிப்பொறியாளர் ஒன்றைக்கூட நீக்கவில்லை. கேட்டதற்கு, "உரசல் வேண்டாம் என்றால் செல்லோ எதற்கு?" என்றார். என் சொல்லை மீறியதற்காகவே அவருக்கு இரட்டை நன்றி.

கணக்கு ஆசிரியரான நண்பரை மறக்க முடியாது. திரும்பத் திரும்ப ஒலிக்கும், நீளம் மாறுபடும் டேப் சுழற்சிகளை ஒன்றாக ஓடவிட்டு, அவை தாமாகவே புதுப்புதுச் சேர்க்கைகளை உண்டாக்கும்படி ஆம்பியன்ட் இசையின் முன்னோடியான பிரையன் ஈனோ 1978-இல் செய்து காட்டியிருக்கிறார். அந்த வழியில் மூன்று சுழற்சிகளை 16, 24, 32 வினாடிகளில் அமைத்திருந்தேன். என்ன செய்தாலும் கொஞ்ச நேரத்தில் அலுப்புத் தட்டியது. நண்பர் ஒரு தாளில் கணக்குப் போட்டு, அவை 96 வினாடிக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பதைக் காட்டினார். பகா எண்களாக 17, 23, 29 என்று மாற்றச் சொன்னார். இப்போது மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 11,339 வினாடிகள் ஆகும். மூன்று மணி எட்டு நிமிடம் 59 வினாடி. பாடலோ 11 நிமிடம்தான். ஆம்பியன்ட் இசை என்றாலே தூக்கம் வருகிறது என்று சொல்பவர் அவர், அது வேறு விஷயம்.

இரவுப் பணி முடித்துவந்து பகலில் உறங்கும் செவிலியர் ஒருவர் முதல் வடிவங்களைக் கேட்டார். "மூன்றாவது பாடலில் நான்காம் நிமிடம் வரும் மணியோசை என்னை எழுப்பிவிடுகிறது" என்று ஒரே வரி எழுதினார். நான் மிகவும் பெருமைப்பட்ட மணி அது. எடுத்துவிட்டேன்.

மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் வேலை, செய்தவரிடம், மற்றவர்களின் பாடல்களைப் போல ஒலியை உயர்த்தித் தருமாறு கெஞ்சினேன். பல ஸ்ட்ரீமிங் தளங்கள் உரத்த பாடல்களைத் தாமே தணித்துவிடும், ஆனால் ஏற்ற இறக்கம் போக நசுக்கிய ஒலியை யாராலும் திரும்ப விரிக்க முடியாது என்று மறுத்துவிட்டார். குழல் ஓய்ந்தபின் அறையில் தங்கும் அந்தக் காற்று இன்னும் கேட்கிறது என்றால் அவரால்தான்.

அட்டைப்படம் வரைந்தவர், மைக் இரவல் தந்தவர், கேபிள் சுற்றிய தம்பிகள் எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக மேல்மாடிக் குடும்பத்தாருக்கு. பதிவு நாட்களில் நீங்கள் தண்ணீர் மோட்டாரைப் போடாமல் காத்திருந்தது எனக்குத் தெரியும். ஒரே ஒருநாள் மறந்துபோய்ப் போட்டுவிட்டு, பிறகு படியிறங்கி வந்து மன்னிப்பும் கேட்டீர்கள். அந்த ரீங்காரம் எங்கள் சுருதிக்கு மிக அருகில் இருந்ததால் நீக்காமல் விட்டுவிட்டேன். ஐந்தாவது பாடலின் அடியில் ஒலிப்பது என்ன வாத்தியம் என்று இதுவரை இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். உங்களைக் கேட்காமல் சொல்லவில்லை.